முதலில் சட்டம் போகட்டும், பிறகு சலுகை

கேள்வி: மனித உரிமையை மீறுகிற நாட்டோடு வியாபாரமே கிடையாது என்று ஐரோப்பா ஒரே போடாகப் போட்டால் இலங்கை அரசு வழிக்கு வராதா? நிபந்தனை, கண்காணிப்பு என்று ஏன் இழுக்கிறார்கள்?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயம் அம்மா. ஆனால் உலக வணிக அமைப்பில் இருக்கும் ஒரு நாட்டுக்கு மட்டும் தனியாக வரியை ஏற்ற விதிகள் லேசில் விடாது. தானாக இறக்கிக் கொடுத்த சலுகையைத் திரும்ப எடுப்பது சுலபம். ஐரோப்பாவின் பிடி அங்கேதான் இருக்கிறது.

சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 யூரோ சரக்குக்கு முழு வரி 12 சதவீதம், 120 யூரோ. வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் வரிச் சலுகைத் திட்டமான சாதாரண ஜி.எஸ்.பி.யில் 96 யூரோ. அதற்கும் மேலான சலுகையான ஜி.எஸ்.பி. பிளஸ் இருந்தால் வரியே இல்லை. அந்த 96 யூரோவுக்கு விலையாக 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடக்க வேண்டும். சலுகை கேட்பது, இது இலங்கையில் உருவான சரக்கு என்று இன்வாய்ஸில் அடிக்கிற ஒரு வாக்கியம்தான். தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ்களில் கேட்டால் சொல்வார்கள். சரக்கு 6,000 யூரோவைத் தாண்டினால் ஏற்றுமதியாளரின் பதிவு எண்ணும் வேண்டும். சீனத் துணியை வாங்கிக் கொழும்பில் தைத்து மட்டும் அனுப்பினால் அந்த வாக்கியம் செல்லாது.

இந்த முறை பிறந்ததில் நமக்கும் பங்குண்டு. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் பாகிஸ்தான் உட்பட 12 நாடுகளுக்கு ஐரோப்பா தனிச் சலுகை கொடுத்தது. இந்தியா உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 2004-இல் ஜெயித்தது. ஒரே நிலையில் உள்ள நாடுகளுக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்றது தீர்ப்பு. அதன் பிறகு 2005-இல் வந்ததுதான் ஜி.எஸ்.பி. பிளஸ்.

இலங்கைக்கு அதை 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். சித்திரவதைத் தடை, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள், குழந்தை உரிமைகள் என்ற மூன்று உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தவில்லை என்பது காரணம். கொழும்பு அசையவில்லை. வரியைக் கட்டுவது இறக்குமதி செய்பவர். அவர் பீஸ் விலையைக் குறை என்பார். கடைசியில் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஓவர்டைமில் கை வைப்பார்கள். முழுத் தடை என்றால் அவளுக்கு வேலையே போகும்.

என் ஆத்திரம் 2017 மே மாதத்தின் மீது. விசாரணையில்லாமல் ஆளை நீண்ட நாள் அடைத்து வைக்க விடும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுகிறோம் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு, சட்டம் இருக்கும்போதே சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1979-இல் தற்காலிகம் என்று வந்து, 1982-இல் நிரந்தரமான சட்டம் அது. 2022-இல் சில பிரிவுகளைத் திருத்தினார்கள், ரத்து செய்யவில்லை. கையில் இருந்த பிடியை ஒரு பேச்சுக்கு விற்றுவிட்டார்கள், மன்னிக்க முடியாது.

கம்போடியாவில் வேறு மாதிரி செய்தார்கள். 2020 ஆகஸ்டில் ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் சலுகையை எடுத்தார்கள்: சில ஆடைகள், காலணிகள், பயணப் பைகள், சர்க்கரை. மற்றதை விட்டுவைத்தார்கள்.

இலங்கைக்கும் அப்படிப் பொருள்வாரியாகச் செய்யலாம். விதிப்படி நோட்டீஸ் கொடுத்ததும் இலங்கை பதில் சொல்ல அதிகபட்சம் ஆறு மாதம் தருவார்கள். ரத்து முடிவாகி அமலுக்கு வர இன்னொரு ஆறு மாதம். உடன்படிக்கையைக் காப்பாற்றுகிறோம் என்று நிரூபிக்க வேண்டியது இலங்கை அரசு, புகார் கொடுத்தவர் அல்ல. அந்த அவகாசத்துக்குள் சட்டம் ரத்தாகி அரசிதழில் வரட்டும். வராவிட்டால் தேதி தவறாமல் எடுக்கட்டும்; வாக்குறுதிக்காக மட்டும் இன்னொரு முறை திருப்பிக் கொடுக்கக் கூடாது.