மானிட்டருக்கு எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட், டைப்-சி: இந்த மூன்றில் எது நிலைக்கும்?

கணினியிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் கேபிளைச் செருகும் வாய்கள், அதாவது போர்ட்கள், இவை. மூன்றில் டிஸ்ப்ளேபோர்ட் என்பது என் பதில். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நான் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்றில் யாரும் பெயர் சொல்லிக் கேட்காத போர்ட் இதுதான். டிவிக் கடையில் கேட்டால் விற்பவரே விழிப்பார். டிவி உலகம் முழுக்க எச்.டி.எம்.ஐ. கையில். 2002-இல் அதை உருவாக்கியவர்களே சோனி, தோஷிபா, பிலிப்ஸ், ஹிட்டாச்சி மாதிரி டிவி செய்கிறவர்கள்தாம். படமும் ஒலியும் ஒரே கேபிளில் போயின. படத்தைத் திருட்டு நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போடலாம் என்பதால் ஹாலிவுட்டுக்கும் பிடித்துப்போனது. கணினியில் அப்போதிருந்த டி.வி.ஐ. என்ற மானிட்டர் போர்ட்டோடும் ஒத்துப்போனது. 2006-இல் டிஸ்ப்ளேபோர்ட் வந்து சேர்ந்தபோது டிவியின் பின்பக்கம் ஏற்கெனவே எச்.டி.எம்.ஐ. வசம். டிவியில் இருப்பதால் செட்டாப் பாக்ஸில் வைக்கிறார்கள், செட்டாப் பாக்ஸில் இருப்பதால் டிவியில் வைக்கிறார்கள். இந்தச் சுழலைத் தரத்தால் மட்டும் உடைக்க முடியாது.

இத்தனைக்கும் எச்.டி.எம்.ஐ. இலவசமில்லை. தயாரிப்பாளர் வழக்கமாக ஆண்டுக்கு 10,000 டாலர் சந்தா கட்டவேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கருவிக்கும் சில சென்ட் உரிமத் தொகை. டிவி விலையில் அது தூசு. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பார்க்கும் கணினிக்காரர்களுக்கு அப்படியில்லை. அவர்கள் சேர்ந்து தரநிலைகள் வகுக்கும் வெசா அமைப்பு கொண்டுவந்ததுதான் டிஸ்ப்ளேபோர்ட்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவா எல்லாம் சேர்ந்து, பழைய மானிட்டர் போர்ட்டான வி.ஜி.ஏ.வுக்கு 2015-க்குள் விடைகொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். எங்கள் கருத்தரங்கக் கூடத்துப் புரொஜெக்டருக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

சரி, டைப்-சி? எல்லோரும் அதைத்தான் ஜெயித்த குதிரை என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது; 2026 ஏப்ரலிலிருந்து மடிக்கணினிகளுக்கும். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது சார்ஜ் ஏற்றுவதைப் பற்றி, படத்தைப் பற்றியல்ல. டைப்-சி என்பது வாசலின் வடிவம் மட்டுமே. அந்த வாசல் வழியாக மானிட்டருக்குப் படம் போகும்போது உள்ளே ஓடுவது பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல்தான். எச்.டி.எம்.ஐ.யும் 2016-இல் தனக்கு அப்படி ஒரு வழி கேட்டு வாங்கியது. அதை வைத்துப் பொருள் செய்ய யாரும் முன்வரவில்லை. டைப்-சியை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும் அந்தச் சின்ன அடாப்டருக்குள்ளும் டிஸ்ப்ளேபோர்ட்டை மொழிபெயர்க்கும் ஒரு சிப்தான் உட்கார்ந்திருக்கிறது.

வாசல் ஒன்றானதில் புதுத் தலைவலியும் வந்தது. முன்பெல்லாம் போர்ட்டின் வடிவத்தைப் பார்த்தாலே அது எதற்கு என்று தெரிந்துவிடும். போன வருடம் ஒரு கடையில் மலிவாக டைப்-சி கேபிள் வாங்கினேன். மடிக்கணினி சார்ஜ் ஏறியது, படம் மட்டும் வரவில்லை. மானிட்டரைச் சந்தேகித்தேன், டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன், அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் கேபிளுக்குள் யு.எஸ்.பி. 2.0-க்கான கம்பிகள் மட்டும்தான். படத்துக்கு வேண்டிய வேகக் கம்பிகளே இல்லை.

எச்.டி.எம்.ஐ.யிலும் இதே கூத்து உண்டு. பெட்டியில் பதிப்பு 2.1 என்று போட்டிருக்கும். ஆனால் அதன் புது வசதிகள் பலவும் கட்டாயமில்லை என்பதால் உள்ளே பழைய 2.0 அளவுக்குத்தான் இருக்கலாம்.

எது எவ்வளவு தரவு கொண்டுபோகும் என்பதில் நொடிக்கு 48 ஜிகாபிட், 80 ஜிகாபிட் என்ற போட்டியைப் பார்த்து மலைக்க வேண்டாம். நொடிக்கு 60 முறை மாறும் சாதாரண 4கே படத்துக்குச் சுமார் 12 ஜிகாபிட் தரவுதான். கணினி விளையாட்டுப் பிரியர் என்றால் கதை வேறு.

வாசல் டைப்-சியாக இருந்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட்தானே. ஆகவே அலுவலக மேசைக்கு, படமும் வந்து மடிக்கணினியும் சார்ஜ் ஆகும் டைப்-சி மானிட்டராகப் பாருங்கள், 65 வாட்டாவது தருகிறதா என்று கேளுங்கள். உங்கள் மடிக்கணினியின் டைப்-சியில் படம் வருமா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், எல்லாவற்றிலும் வராது. அப்புறம், மானிட்டரோடு வரும் கேபிளைப் பத்திரமாக வையுங்கள். ஆய்வகத்தில் அவற்றில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அப்படியும் வாரத்துக்கு ஒன்று யாருடைய போன் சார்ஜரிலாவது தொங்குகிறது.