ஃபெதெரிகோவின் இடது பக்கம்

அன்புள்ள ஐயா,

ஃப்ளாரன்ஸ் உஃபிஸி அருங்காட்சியகத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் உர்பினோ ஊரை ஆண்ட பிரபு ஃபெதெரிகோ த மொன்தெஃபெல்த்ரோவின் ஓவியத்தைப் பார்த்தேன். கூலிப்படைத் தலைவன் இவ்வளவு நல்ல ஆட்சியாளனா என்று வியப்பாக இருந்தது. கூலிப்படைகளின் போர்களில் ஆள் சாவதே அபூர்வம் என்று ஃப்ளாரன்ஸின் அரசியல் எழுத்தாளர் மாக்கியவெல்லி சொல்கிறாராமே? அடுத்த மாதம் மனைவியுடன் மறுபடி போகிறேன். கையில் ஒரு நாள்தான். உர்பினோவா, ரிமினியா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மாக்கியவெல்லியை விடுங்கள். கூலிப்படையை ஏசுவதற்கென்றே பிணக்கணக்கைக் குறைத்தவர் அவர்.

‘நல்ல ஆட்சியாளன்’ என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. நானும் அப்படி உருகியவன்தான். உர்பினோ அரண்மனையில் அவருடைய படிப்பறை மிகச் சிறியது. சுவரெங்கும் பல நிற மரத்துண்டுகளை இழைத்துப் பதித்த வேலை. பாதி திறந்த அலமாரி, உள்ளே புத்தகங்கள், கழற்றி வைத்த கவசம், பழக்கூடை அருகே ஓர் அணில். அலமாரிக் கதவைச் சாத்தக் கை நீட்டிவிட்டேன். காவலர் கனைத்தார். தட்டைப் பலகை!

அந்தப் பலகைக்குக் காசு எங்கிருந்து வந்தது? மலைநாடு, விளைச்சல் சொற்பம். பிரபு ஊர் ஊராக ஒப்பந்தம் போட்டுப் போருக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் அரண்மனை எழுந்தது, குடிகளுக்கு வரி லேசானது. வாழ்த்த மாட்டார்களா என்ன?

1472இல் ஃப்ளாரன்ஸுக்காக வோல்த்தேரா என்ற ஊரை முற்றுகையிட்டார். படிகாரச் சுரங்கத் தகராறு. உயிருக்கும் உடைமைக்கும் வாக்குறுதி பெற்றுத்தான் ஊர் சரணடைந்தது. வாசல் திறந்ததும் சூறை. படை கட்டுமீறிவிட்டது, பாவம் அவர் என்ன செய்வார் என்று வாதாடுபவர்கள் உண்டு. சரி ஐயா. அவ்வூர் யூதர் ஒருவரிடமிருந்த பெரிய எபிரேய விவிலியம் உர்பினோ நூலகத்துக்கு வந்து சேர்ந்ததே, அதுவும் கட்டுமீறித் தானாக நடந்து வந்ததா? இன்று அது வத்திக்கானில் இருக்கிறது. ஃப்ளாரன்ஸோ அவருக்கு வெள்ளித் தலைக்கவசம் செய்து கொடுத்தது.

போர்விளையாட்டில் வலக்கண்ணை இழந்தவர் அவர். ஓவியர்கள் இடது பக்கத்தையே வரைந்தார்கள். நீங்களும் அந்தப் பக்கமாகவே நின்றுவிட்டு நற்சான்றிதழ் எழுதுகிறீர்கள். கோபம் வராதா எனக்கு?

ஓவியத்தில் அவருக்கு எதிரே வெளிறிய முகத்தோடு இருப்பவர் மனைவி பத்திஸ்தா. வோல்த்தேரா விழுந்த அடுத்த மாதம் இறந்தார், வயது 26. வாரிசு பிறந்ததும் அதே ஆண்டில்தான். அந்த இடத்தில் மட்டும் எனக்கு அந்த மனிதர்மேல் மனம் இளகிவிடும்.

ரிமினி இருக்கட்டும். உர்பினோ போங்கள், அந்த அணிலை மனைவிக்குக் காட்டுங்கள். இன்னும் ஒரு நாள் தேறினால் வோல்த்தேரா.