ஃபீட்பேக்கில் 2.9: விளக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். இந்தப் பருவ மாணவர் ஃபீட்பேக்கில் எனக்கு 5-க்கு 2.9. பக்கத்து செக்‌ஷனில் அதே பாடம் எடுக்கும் சாருக்கு 3.8. தேர்ச்சி விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். துறைத்தலைவர் விளக்கம் கேட்கிறார். நான் பெண் என்பதால்தான் இப்படி என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது; ஆனால் ஒரு வகுப்பின் சராசரியை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

2015-ல் வெளியான வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வைப் பாருங்கள். ஆன்லைன் வகுப்பு, ஆசிரியர் முகம் தெரியாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கு இரண்டு குழு எடுத்தார்கள், ஒன்றில் சொந்த அடையாளத்தோடு, மற்றதில் அடுத்தவர் அடையாளத்தோடு. திருத்திய தாள்கள் எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் போயின. இருந்தும் ‘தாமதமின்றித் திருத்தித் தருகிறாரா’ என்பதற்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! மாணவர்கள் மொத்தம் 43 பேர்தான், அதனால் இதை மட்டும் நம்பிவிட முடியாது. ஆனால் 23,001 மதிப்பீடுகளை அலசிய பிரெஞ்சு ஆய்விலும் ஆண் ஆசிரியர்கள் பக்கம் சாய்வு தெரிந்தது, முக்கியமாக மாணவர்களிடம்; மாணவிகளிடம் அவ்வளவு இல்லை.

கணிதம் என்பதே இன்னொரு பாதகம். நியூயார்க் பல்கலைக்கழக மதிப்பீடுகளில் கணிதம், புள்ளியியல் வகுப்புகள் ஆங்கில வகுப்புகளைவிடத் தெளிவாகப் பின்தங்கியே இருந்தன. உங்களை ஆங்கிலத் துறையோடு ஒரே பட்டியலில் போட்டிருந்தால் அதைக் கடிதத்தில் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள். (ஜெர்மனியில் ஓர் ஆய்வில் மருத்துவ மாணவர்களுக்குச் சாக்லேட் பிஸ்கட் கொடுத்ததும் ஆசிரியருக்கு மட்டுமில்லை, பாடக் குறிப்புகளுக்கே மதிப்பீடு கூடிவிட்டது. நீங்கள் வாங்கித் தர வேண்டாம்.)

முதலில் அலுவலகத்தில் சராசரியை விட்டுவிட்டு, எத்தனை பேர் எந்த மதிப்பெண் போட்டார்கள் என்று கேளுங்கள். 60 பேர் வகுப்பில் 22 பேர் நிரப்பியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 14 பேர் 4 போட்டு, 8 பேர் 1 போட்டால் சராசரி 2.9 வரும். ‘சுமார்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அந்த எட்டுப் பேர் இன்டர்னல் மார்க் வந்த மறுநாள் நிரப்பினார்களா என்றும் பாருங்கள். ஹால் டிக்கெட் எடுக்கும்போது கட்டாயமாக நிரப்பச் சொல்லியிருந்தால் கதையே வேறு: பையன்கள் படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள்.

பிறகு, உங்கள் மாணவர்கள் அடுத்த பருவக் கணிதத்தில் எப்படி வருகிறார்கள் என்று ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்களைக் குலுக்கல்போலப் பிரித்து வகுப்புகளில் போடுவார்கள். 2010-ல் வெளியான ஆய்வின்படி, அங்கே கால்குலஸில் நல்ல மதிப்பீடு வாங்கியவர்களின் மாணவர்கள் அந்தத் தேர்வில் நன்றாக எழுதினார்கள். அடுத்த கட்டப் பாடங்களில் சறுக்கினார்கள்.

‘பாடத்தில் புலமை உள்ளவரா’ என்ற கேள்விக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளை தரும் மதிப்பெண்ணை நான் பொருட்படுத்தமாட்டேன். கேட்கிறதா, புரியும்படி எழுதுகிறாரா, நேரத்துக்கு வருகிறாரா என்பதெல்லாம் அவர்கள் கண்ணால் பார்ப்பது. அதில் குறை வந்தால் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டு, என்ன மாற்றுகிறீர்கள் என்றும் எழுதுங்கள். போர்டு எழுத்து சின்னதாக இருக்கிறது என்று நாலைந்து பேர் சொல்லியிருந்தால், வகுப்பு முடிந்ததும் அழிக்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.