இணைசேரும் காலத்தில் ரோ மான் வேட்டைக்குப் போகும் மாலை எப்படி இருக்கும்? பொய்க்குரல் கொடுத்து வரவழைத்துச் சுடுவது நியாயமா?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி. இரண்டாவதுதான் கனமானது. ஆனால் ஒரு மாலையை முழுதாகச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பல வருடங்களாகத் தெற்கு ஜெர்மனியில், ஸ்வேபியன் ஆல்ப் மலைப்பகுதியில் இருக்கிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். அதைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால், இங்கே வேட்டை உரிமம் எடுக்கலாமா என்று முடிவு செய்யவே எனக்கு நாள் பிடித்தது. தேர்வும் லேசானதல்ல. துப்பாக்கி சுடுதல், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என்று மூன்று பகுதி. விலங்குகளின் வாழ்க்கை, சட்டம், நாய், இறைச்சிச் சுகாதாரம் என எல்லாம் படிக்க வேண்டும். 'பச்சை அபிட்டூர்' என்றே இதற்குப் பெயர். அபிட்டூர் என்பது இங்கே பள்ளி இறுதித் தேர்வு.

ரோ மான் சின்ன விலங்கு. ஜெர்மனில் 'ரே' என்பார்கள். தோள் உயரம் 60 முதல் 75 சென்டிமீட்டர், எடை 15 முதல் 30 கிலோ, அவ்வளவுதான். நம் புள்ளிமானைவிடச் சிறியது. கோடையில் செம்பழுப்பாக இருக்கும். ஆண் மானைக் கலை, பெண்ணைப் பிணை, குட்டியை மறி என்று சொல்லத் தமிழில் நல்ல சொற்கள் இருப்பதால் அவற்றையே இங்கே எழுதுகிறேன். வளர்ந்த கலையின் கொம்பு ஒரு சாண் நீளம் இருக்கும், பக்கத்துக்கு மூன்று முனை. ஜெர்மனியில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ரோ மான்கள் வேட்டையில் எடுக்கப்படுகின்றன. அப்படியும் அவை அருகவில்லை. எண்ணிக்கை கூடிவிட்டால் ஃபிர் மரக் கன்றுகளின் நுனி மொட்டையெல்லாம் கடித்துவிடும், புதுக் காடு எழும்பாது. வேட்டைக்கு இங்கே சொல்லப்படும் முதல் காரணம் அதுதான்.

ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இணைசேரும் காலம். ஒரு பிணை ஓரிரு நாட்கள்தான் இணைக்கு இணங்கும். அந்த நாட்களில் கலை அதை விட்டு நகராது. ஒரு புதரையோ மரத்தையோ சுற்றிச் சுற்றி விரட்டிக்கொண்டே இருக்கும். புல்லிலும் பயிரிலும் வட்டமாகத் தடம் விழுந்துவிடும். ஊர்க்காரர்கள் அதற்குச் 'சூனியக்காரி வளையம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிணையோடு இருக்கும் கலைக்கு நாம் என்ன குரல் கொடுத்தாலும் காதில் ஏறாது. பருவம் முடியும் தறுவாயில், பெரும்பாலான பிணைகள் சேர்ந்து முடித்த பிறகு, வயதான கலைகள் தனியாக அலையும். அப்போதுதான் குரலுக்கு வரும்.

எங்கள் வேட்டைப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெரியவர் ஆகஸ்ட் முதல் வாரம் முடியும்வரை என்னை இலையைத் தொட விடவில்லை. "அது தன் வேலையை முடிக்கட்டும், அப்புறம் போகலாம்" என்றார்.

இலை என்று சொன்னது பீச் மரத்து இலையை. இந்த மலையில் எங்கு பார்த்தாலும் பீச் காடுதான். இலையின் இரண்டு ஓரத்தையும் விரல்களால் பிடித்து விறைப்பாக இழுத்து, கீழுதட்டில் வைத்து மெல்ல ஊத வேண்டும். பிணை கூப்பிடுவது போல 'ஃபீ... ஃபீ' என்று மெல்லிய குரல் வரும். கடையில் ரப்பர் ஊதல்கள் கிடைக்கின்றன. இருந்தாலும் இந்தப் பருவத்துக்கே ஜெர்மனில் இலைக் காலம் என்றுதான் பெயர். தளிர் இலை கிழிந்துவிடும், முற்றியது குரலைக் கொடுக்காது. அதனால் போகிற வழியிலேயே ஏழெட்டு இலை பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம்.

அன்று ஏழு மணிக்குச் சரிவின் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தோம். மேலே பீச் காடு, நடுவில் ஆட்டு மந்தை மேயும் ஜூனிபர் புதர்ச் சரிவு, கீழே அறுவடை முடிந்த கோதுமை வயல். சரிவில் இன்னும் வெயில் இருந்தது. பெரியவர் ஒரு சின்ன டப்பாவை அமுக்கி டால்கம் பவுடரைக் காற்றில் விட்டுப் பார்த்தார். வெள்ளைப் புகை சரிவில் மேலே ஏறிக் காட்டுக்குள் போனது. "உட்கார், இப்போது இறங்க வேண்டாம்" என்றார்.

இதை நான் முந்தைய வருடமே பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது தனியாக வந்து, இதே இடத்தில் ஆறரை மணிக்கே கீழே போய் உட்கார்ந்துவிட்டேன். வெயில் பட்ட சரிவில் காற்று மேல்நோக்கித்தான் போகும். என் வாடை முழுதும் நேராகக் காட்டுக்குள் போயிருக்கிறது. பத்து நிமிடத்தில் மேலிருந்து நாய் குரைப்பது போல ஒரு சத்தம். ரோ மானின் எச்சரிக்கைக் குரல் அப்படித்தான் இருக்கும். அது குரைத்துக்கொண்டே தூரப் போனது, அன்றைய மாலை அதோடு முடிந்தது. வெயில் இறங்கிச் சரிவில் நிழல் விழுந்த பிறகுதான் காற்று குளிர்ந்து கீழ்நோக்கி வரத் தொடங்கும்.

காத்திருந்த நேரத்தில் அவர் எனக்கு ஒரு லார்ச் கன்றைக் காட்டினார். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை ஒரு பக்கத்துப் பட்டை முழுக்க உரிந்து தொங்கியது. உள்மரம் ஈரமாக இருந்தது, பிசின் வாசனை வந்தது. கலை தன் எல்லையைச் சொல்லக் கொம்பால் உரசிய அடையாளம். நெற்றியில் உள்ள சுரப்பியின் வாடையும் அதில் சேர்ந்துவிடும். அடியில் குளம்பால் கீறிய மண் கறுப்பாக, இன்னும் காயாமல் கிடந்தது. நான் விரலை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அன்று காலையிலோ மதியத்திலோ கீறியிருக்க வேண்டும்.

ஏழே முக்காலுக்குப் பவுடர் கீழ்ப்பக்கம் திரும்பியது. மெதுவாக இறங்கி, ஒரு பெரிய ஜூனிபருக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் மேலே பார்த்து, அவர் எனக்கு முதுகு காட்டி வயலைப் பார்த்து. கலை பெரும்பாலும் நேராக வராது. சுற்றிப் போய்க் காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து முகர்ந்து பார்க்கத்தான் முயலும். உட்கார்ந்ததும் ஊதவும் கூடாது. கால் மணி நேரம் சும்மா இருந்து, காடு நம்மை மறக்கட்டும் என்று விட வேண்டும்.

முதல் குரலை மிகவும் சன்னமாகக் கொடுத்தேன். பக்கத்திலேயே படுத்திருக்கும் ஒன்று மிரண்டுவிடக் கூடாது. நான்கு தடவை, பிறகு நிசப்தம். முதலில் வந்தது ஒரு பிணையும் அதன் மறியும். பிணை என் பக்கமாகக் காதைத் திருப்பி, கழுத்தை நீட்டி, மறுபடி மேயத் தொடங்கியது. இந்த மாதத்தில் பிணையைச் சுடச் சட்டம் இடம் தராது. இடம் தந்தாலும் மறியோடு இருப்பதை நான் தொட மாட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வயதுக் கலை ஒன்று ஓட்டமாக வந்து, இருபது அடியில் நின்று, மூச்சு வாங்க எங்களையே பார்த்தது. காதளவுகூட இல்லாத ஒற்றை முனைக் கொம்பு. நெஞ்சு ஏறி இறங்குவதும், ஈர மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரிந்தன. பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். வேண்டாம்.

எட்டரை தாண்டியது. இரண்டாவது இலையில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இடது பக்கம் மேட்டு விளிம்பில், சத்தமே இல்லாமல், அது நின்றது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. தடித்த கழுத்து, தாழ்ந்த தலை, உடம்பின் கனமெல்லாம் முன்பக்கத்தில். கொம்பின் அடிப்பகுதி மண்டையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. வயதானது என்று பைனாகுலரில் நன்றாகத் தெரிந்தது. ரைபிளை மூன்று கால் தாங்கியில் வைத்துவிட்டேன். ஆனால் அதன் பின்னால் வெறும் வானம். தோட்டா போய்ப் புதைய மண் இல்லாத இடத்தில் சுடவே கூடாது, தேர்வுக்குப் படிக்கும்போது முதலில் மண்டையில் ஏற்றுவது அதைத்தான். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு அது சரிவில் இறங்கத் தொடங்கியது. காற்றின் கீழ்ப்பக்கத்துக்குத்தான் போகிறது. இன்னும் இருபது அடி எடுத்து வைத்தால் எங்கள் வாடை கிடைத்துவிடும். பெரியவர் வாயாலேயே மெல்ல ஒரு 'ஃபீ' என்றார். அது நின்றது. பக்கவாட்டில், அறுபது தப்படி தூரத்தில், பின்னால் புல்சரிவு. முன்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்துச் சுட்டேன்.

அது துள்ளி, முப்பது நாற்பது தப்படி ஓடி முள் புதருக்குள் மறைந்தது. உடனே எழுந்து ஓடத் தோன்றும், அது தவறு. அடிபட்ட விலங்கைத் துரத்தினால் இன்னும் தூரம் போகும், வேதனையும் நீளும். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். என் கை நடுங்கியது. பிறகு போய்ப் பார்த்தபோது புல்லில் நுரை கலந்த வெளிர்ச் சிவப்பு ரத்தம். நுரையீரலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். புதருக்கு உள்ளே இரண்டே அடியில் கிடந்தது. ஓட்டத்திலேயே உயிர் போயிருக்கிறது.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நான் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தேன். 'கடைசிக் கவளம்' என்று இதைச் சொல்வார்கள். இன்னொரு கிளையைக் காயத்து ரத்தத்தில் தொட்டு என் தொப்பியின் வலப்பக்கம் செருகச் சொல்லி அவர் கொடுத்தார். "வைட்மான்ஸ்ஹைல்" என்றார், நான் "வைட்மான்ஸ்டாங்க்" என்றேன். வேட்டைக்காரர்களின் வாழ்த்தும் அதற்கு நன்றியும் அவை. இந்தச் சடங்கையெல்லாம் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒட்டவில்லை. அன்று அந்த உடம்பின் சூட்டில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் என்று மனம் கேட்டது. அந்தக் கிளை இருந்தது நல்லதாயிற்று.

அதற்கு மேல் நிதானமாக இருக்க நேரமில்லை. ஆகஸ்ட் வெக்கையில் இறைச்சி சீக்கிரம் கெட்டுவிடும். அங்கேயே குடலை எடுத்து, இரவுக்குள் குளிர் அறையில் தொங்கவிட்டோம். 7 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். குடல் எடுத்த பிறகு 17 கிலோ. ஈரலை மறுநாள் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தேன், பெரியவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தாடையைச் சுத்தம் செய்து பார்த்ததில் கடைவாய்ப் பற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன.

சரி, நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். அது ஒரு பொய்க்குரல்தான், அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் கூப்பிட்டு வரவழைப்பதால்தான் எனக்கு அதை நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது. ஓடும் விலங்கையோ, இருட்டில் அரைகுறையாகத் தெரியும் விலங்கையோ நான் சுட வேண்டியதில்லை. அன்று நான்கு மான்கள் எங்கள் முன்னால் நின்றன, மூன்று தம் வழியே போயின. கூப்பிட்டவனுக்குப் பொறுப்பு அதிகம் என்றுதான் நினைக்கிறேன். யார் வருகிறார்கள் என்று முழுதாகத் தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லாதவர் இலையைக் கையில் எடுக்கக் கூடாது. பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே வலுவான கலையைச் சுடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இங்கே சட்டம் அனுமதித்தாலும்.

ரோ மானிடம் இன்னொரு அதிசயமும் உண்டு. ஆகஸ்டில் உருவான கரு உடனே வளராது. கருப்பையில் ஒட்டாமல், கடுகளவுகூட இல்லாத புள்ளியாக நாலைந்து மாதம் அப்படியே கிடக்கும். வருடக் கடைசியில்தான் ஒட்டி வளரத் தொடங்கும். மறி பிறப்பது மே, ஜூன் மாதங்களில்.

அதே மாதங்களில்தான் புல் அறுக்கும் இயந்திரங்களும் வயலில் இறங்கும். பிறந்து சில நாளே ஆன மறி ஆபத்து வந்தால் ஓடாது, தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அதனால் அறுப்புக்கு முன்னால் விடியற்காலையில் வெப்பக் கேமரா வைத்த டிரோனைப் பறக்கவிட்டுத் தேடுகிறோம். அடுத்த மே மாதக் கடைசியில் அந்தச் சரிவுக்குப் பக்கத்துப் புல்வெளியில் இரண்டு மறிகள் கிடைத்தன. அந்தக் கலையின் வாரிசா என்று சொல்ல வழியில்லை. மனித வாடை படாமலிருக்கக் கையுறை போட்டு, கை நிறையப் புல்லோடு சேர்த்துத் தூக்கி, மரநிழலில் பெட்டிக்குள் வைத்தோம். டிராக்டர் ஓய்ந்ததும் காட்டு ஓரத்திலிருந்து 'ஃபீ' என்று குரல் வந்தது. நான் இலையில் எழுப்பிய குரலைவிட அது தாழ்வாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. பெட்டியைத் திறந்தோம். இரண்டும் தள்ளாடிக்கொண்டே அந்தப் பக்கமாகப் போயின.