இதழியல் நூல்கள் எந்த அடுக்கில்?

கேள்வி: இதழியல் மாணவியான நான், தோட்ட மக்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் எழுதியவற்றை ஆராய்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் இத்துறை நூல்கள் பல இடங்களில் சிதறியுள்ளன. எங்கே தொடங்குவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவை சிதறியிருக்கவில்லை, தங்கையே, வகைப்பாடு அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றும் நூலகங்களில் இதழியல் பிஎன் (PN) 4699 முதல் 5650 வரையிலும், வெகுசனத் தொடர்பு பி (P) 87 முதல் 96 வரையிலும் அமையும். எண்களால் மட்டும் நூல்களை வகைப்படுத்தும் டியூயி முறையில் இவை முறையே 070, 302.23.

உங்கள் ஆய்வுக்கு நூல்களைவிடப் பழைய நாளிதழ்களே உயிர்நாடி. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன மலேசிய நாளிதழ் ‘தமிழ் நேசன்’ இதழைக் கணினிப் பட்டியலில் தேடும்போது ஓர் எழுத்துச் சிக்கல் பலரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பிவிடுகிறது: தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதியும் நூலக மரபில் ‘ச’கரத்துக்கு ‘எஸ்’ அன்று, ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தே இடப்படுகிறது. ஆகவே Nesan, Necan என இரு வடிவங்களிலும் தேடுங்கள். பழைய இதழ்களின் நுண்படச் சுருள்கள் (மைக்ரோஃபிலிம்) உள்ளனவா என்று நூலகரிடம் கேளுங்கள். 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவாக்கியுள்ளது, அதில் மலாயாத் தோட்டச் செய்திகளையும் தேடிப் பாருங்கள்.