மைக் பிடிக்க ஆசைப்படும் ஸ்ட்ரைக்கருக்கு

கேள்வி: பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஸ்ட்ரைக்கராக (கோல் அடிக்கும் முன்கள வீரராக) ஆடினேன். முழங்கால் காயத்தால் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் முன்னாள் ஸ்ட்ரைக்கர் கேரி லினேக்கர் மாதிரி டிவிக்குப் போக ஆசை. அவருக்குப் பெயர் இருந்தது. எனக்கு வழி உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பெயர் இருந்தது உண்மைதான். 1986 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வென்றவர். இங்கிலாந்துக்காக 80 ஆட்டங்களில் 48 கோல். ஆனால் 1994-ல் ஜப்பானின் நகோயா அணியோடு ஓய்வு பெற்றதுமே தொகுப்பாளர் நாற்காலி கிடைத்துவிடவில்லை. பிபிசி வானொலி, ஆட்டத்தை அலசும் இருக்கை என்று சில வருடங்கள் போயின. 1999-ல் தொகுப்பாளர் டெஸ் லைனம் விலகிய பிறகே பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியான 'மேட்ச் ஆஃப் தி டே' லினேக்கர் கைக்கு வந்தது. 2025 வரை அங்கே நீடித்தது தொழில் கற்றதால்தான்.

நேரடி வர்ணனை, அலசல், தொகுப்பு மூன்றும் வேறு வேறு வேலைகள். தொகுப்பாளரின் காதுக்கருவியில் விநாடிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டபடியே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஆடியவருக்குச் சீக்கிரம் கைவருவது அலசல். அதில் தொடங்குங்கள்.

ஒரு பழைய ஆட்டத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, 15 நிமிடம் பேசி போனில் பதிவு செய்யுங்கள். கோல் விழுந்ததை எல்லாரும் பார்த்தாயிற்று. அதற்கு முந்தைய எட்டு விநாடியைச் சொல்லுங்கள். 1986-ல் போலந்துக்கு எதிராக லினேக்கர் போட்ட மூன்று கோலும் வலைக்குப் பக்கத்தில் அடித்தவை. தடுப்பாட்டக்காரர் பந்தைப் பார்க்கும் நொடியில் அவர் எங்கே நகர்கிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்ட்ரைக்கராக ஆடிய உங்கள் கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும்.

புதியவர்கள் சறுக்குவது ரீப்ளேயில். பத்துப் பதினைந்து விநாடியில் இரண்டு கருத்து சொல்லப் போனால், இரண்டாவது முடியுமுன் ஆட்டம் தொடங்கிவிடும். வர்ணனையாளரோடு குரல் மோதும். ஒன்றே போதும். ஒரு ஏ4 தாளில் இரு அணிகளின் அமைப்பு, சட்டை எண்கள், மாற்று வீரர்கள், மஞ்சள் அட்டைகளைக் குறித்து வையுங்கள். பெயர் உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆட்டத்தை வைத்து ஆரூடமும் வேண்டாம். லிவர்பூல் அணியோடு 8 லீக் பட்டம் வென்று, பிறகு 'மேட்ச் ஆஃப் தி டே'யில் அலசல் செய்த ஆலன் ஹான்சனே, 1995-ல் மான்செஸ்டர் யுனைடெட் முதல் ஆட்டத்தில் தோற்றதும், சின்னப் பையன்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்றார். அந்தப் பருவத்தில் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் அவர்களுக்கே.

உங்கள் பகுதிப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகப் போடுபவர்கள் இருந்தால், மூன்று நிமிடப் பதிவை அனுப்பி வாய்ப்புக் கேளுங்கள். மைதானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பயிற்சியாளர்களிடம் அணிப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள்.