எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு என்ன உதவி செய்யலாம்?

உங்கள் ஊரில் பாட்டியிடம் வளரும் எச்.ஐ.வி. உள்ள சிறுமிக்கு மருந்து வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்துக்குப் பணம் வேண்டாம். 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துச் சிகிச்சை) மையங்களில் இலவசம்தான். மையத்துக்குப் போய்வருவதுதான் பாடு: பஸ் செலவு, பாட்டிக்கு அன்றைய கூலியும் போச்சு. அதை ஈடுகட்டுங்கள்.

முன்பு குழந்தைகளுக்குக் கொடுத்த சிரப் ஒரே கசப்பு, குமட்டும். இப்போது தண்ணீரில் கரையும் டொலூடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் 10 மி.கி. மாத்திரை இருக்கிறது, ஸ்ட்ராபெர்ரி வாசனையோடும் வருகிறது. தினமும் தவறாமல் கொடுக்க வேண்டும். பாட்டிக்குக் கண் மங்கலென்றால் ஒரு அலாரம் வைத்துக் கொடுங்கள், பெரிய உதவி.

பள்ளியில் சேர்க்க மறுத்தால் 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி புகார் செய்யலாம். ஆனால் நல்லெண்ணத்தில்கூட அவள் நோயை ஊரில் சொல்லாதீர்கள்!